பித்துக் காட்டின் கழுகுகள்

பல்கேரியா நாட்டு வரைபடத்தை விரித்து வைத்து, அதன் வடகிழக்கு மூலையை உற்று நோக்கினால் ரஸ்கிராட் என்றொரு ஊர் தென்படும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவ்வூரின் மக்கள் தொகை 34 ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. வடக்கே சென்றால் டான்யூப் நதி. நதியைக் கடந்தால் ருமேனியா. தலைநகரான சோபியாவோ 300 கிலோமீட்டருக்கும் அப்பால். மருந்துத் தொழிற்சாலை, வயல்வெளி, கோடையில் நடக்கும் தயிர்த் திருவிழா, இவைதாம் அவ்வூரின் அடையாளங்கள். (தயிருக்குத் திருவிழாவா என்று சிரிக்க வேண்டாம், தோழியரே! பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களுள் ஒன்றுக்கு அந்நாட்டின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். லாக்டோபேசில்லஸ் பல்காரிகஸ் என்ற பெயரை அறிவியல் ஏட்டில் எழுதி மனப்பாடம் செய்தவர்கள் நாங்கள்.)

இத்தகைய ஊரின் கால்பந்து கிளப் ஒன்று, 2010ஆம் ஆண்டில் மூன்றாம் நிலை லீக்கிலிருந்து மேலே ஏறியது. நான்கே ஆண்டுகளில் அது லிவர்பூலையும் ரியல் மாட்ரிட்டையும் எதிர்த்து ஆடியது. அதன் பெயர் லுடோகோரெட்ஸ். அந்தக் கிளப்பின் கதையைத்தான் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இங்கே எழுதுகிறோம். கதையோடு, அதைப் பற்றி எங்களுக்குள் மூண்ட சண்டையையும் எழுதுகிறோம். ஏனெனில் அந்தச் சண்டை இன்னும் தீர்ந்தபாடில்லை.

முதலில் பெயரைப் பார்ப்போம். லுடோகோரியே என்பது ரஸ்கிராட் அமைந்துள்ள வட்டாரத்தின் பெயர். 'பித்துப் பிடித்த காடு' என்று அதற்குப் பொருளாம். துருக்கி மொழியிலும் அவ்வட்டாரத்துக்கு டெலியோர்மான் என்றொரு பெயர் உண்டு. அதற்கும் அதே பொருள்தான். மரங்கள் மனம்போன போக்கில் அடர்ந்து வளர்ந்ததால் இப்பெயர் போலும்! ஆக, லுடோகோரெட்ஸ் என்றால் பித்துக் காட்டுக்காரன். ரசிகர்கள் இவ்வணியைக் கழுகுகள் என்று அழைக்கிறார்கள். சட்டையின் நிறம் பச்சை, காட்டுக்குப் பொருத்தந்தான்.

சரித்திரத்தில் ஆர்வமுள்ளவர்களுக்கு இன்னொரு செய்தி. ரஸ்கிராடின் ஓரத்தில் அப்ரிட்டஸ் என்னும் பழைய ரோமானிய நகரின் இடிபாடுகள் கிடக்கின்றன. கி.பி. 251ஆம் ஆண்டில் அந்நகரின் அருகே கோத்தியருடன் நடந்த போரில் ரோமப் பேரரசன் தேசியுஸ் மாண்டான். இந்தத் தேசியுஸ் யார் தெரியுமா? திருச்சபையை வதைத்த பேரரசர்களுள் ஒருவன். பாப்பரசர் புனித பபியான் 250ஆம் ஆண்டில் வேதசாட்சியாக உயிர் துறந்தது இவன் ஆட்சியிலேதான். ஞானோபதேச வகுப்பில் கேட்ட பெயர் ஒன்று கால்பந்துக் கதையில் வந்து நிற்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. பேரரசர்கள் கவிழும் மண் போலிருக்கிறது என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். அது கொஞ்சம் அதிகப்படிதான். இருந்தாலும் எழுதி வைக்கிறோம்.

இன்னும் அருகிலுள்ள சரித்திரம் அவ்வளவு வேடிக்கையானதன்று. ரஸ்கிராட் வட்டாரத்தில் துருக்கி மொழி பேசும் முஸ்லிம்கள் மிகுதியாக வாழ்கிறார்கள். 1984, 1985ஆம் ஆண்டுகளில் அப்போதைய கம்யூனிஸ்டு அரசு நாடெங்கிலும் இருந்த இம்மக்களின் பெயர்களைக் கட்டாயமாக மாற்றியது. பிறந்தபோது தாயும் தந்தையும் இட்ட பெயரை அழித்துவிட்டு, பல்கேரியப் பெயர் ஒன்றை எழுதிக்கொள்ள வேண்டும்! 1989இல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் மூட்டை முடிச்சுகளுடன் துருக்கிக்குச் சென்றனர். அவ்வாண்டின் இறுதியில் அந்த ஆட்சி வீழ்ந்த பிறகு பழைய பெயர்களைத் திரும்பப் பெற வழி பிறந்தது. சென்றவர்களில் பலர் திரும்பியும் வந்தனர். இப்படி இரண்டு பெயர்களின் வேதனையை அறிந்த வட்டாரத்திலிருந்து ஒரே பெயரைச் சொல்லிக் கைதட்டும் ஓர் அணி எழுந்தது என்பதை நினைக்கும்போது எங்களுக்கு மனம் நெகிழ்ந்தது.

இனிப் பந்துக்கு வருவோம்.

பல்கேரியக் கால்பந்து என்றால் நெடுங்காலமாக சோபியா நகரந்தான். 1914இல் தோன்றிய லெவ்ஸ்கி, 1948இல் இராணுவத்தின் அணியாகத் தோன்றிய சி.எஸ்.கே.ஏ., இவ்விரண்டும் மாறி மாறிப் பட்டம் வென்றன. 1994ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் பல்கேரியா, அப்போதைய சாம்பியனான ஜெர்மனியை 2-1 என்று வீழ்த்தி அரை இறுதி வரை சென்றது. ஸ்தோய்ச்கோவ் அப்போட்டியில் 6 கோல்கள் அடித்தார். அந்தப் பொற்காலம் கழிந்தபின் பெரிய கிளப்புகள் கடனில் தள்ளாடத் தொடங்கின. சிற்றூர்களுக்கு வாய்ப்பு வந்தது அதன் பிறகுதான்.

2010ஆம் ஆண்டில் லுடோகோரெட்ஸ் இரண்டாம் நிலைக்கு ஏறிய வேளையில் கிரில் டொமுஸ்சியேவ் என்ற தொழிலதிபர் அதை வாங்கினார். கால்நடைகளுக்கான மருந்துகளைத் தயாரிக்கும் பெரிய நிறுவனத்தின் சொந்தக்காரர் அவர். இவைலோ பெடேவ் என்பவர் பயிற்சியாளர். 2011இல் இரண்டாம் நிலையையும் வென்று முதல் நிலைக்குள் காலடி வைத்தார்கள். ரஸ்கிராட் அணி முதல் நிலையில் ஆடுவது அதுவே முதல் முறை. புதிதாக வந்தவர்கள் கீழே விழாமலிருந்தாலே போதும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

இவர்கள் பட்டத்துக்கே குறி வைத்தார்கள். 2012ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள், லீக்கின் கடைசி ஆட்டம். எதிரி சி.எஸ்.கே.ஏ.; இடம் ரஸ்கிராட். சி.எஸ்.கே.ஏ. இரண்டு புள்ளிகள் முன்னால் நின்றது. ஆட்டம் டிரா ஆனாலே பட்டம் அவர்களுக்கு. லுடோகோரெட்ஸ் வென்றே தீரவேண்டும். மிரோஸ்லாவ் இவனோவ் ஒரு கோல் அடித்தார். அந்த ஒன்றே போதுமானதாயிற்று. 70 புள்ளிகள், 69 புள்ளிகள். முதல் நிலைக்கு வந்த முதல் ஆண்டிலேயே சாம்பியன்! ஒரு வாரத்துக்கு முன்னர்தான் லோகோமோட்டிவ் பிளோவ்டிவ் அணியை 2-1 என்று வென்று பல்கேரியக் கோப்பையையும் எடுத்திருந்தார்கள். பின்னர் சூப்பர் கோப்பையும் சேர்ந்தது. தேர்வில் முதல் முறை எழுதிய பெண் மூன்று பாடங்களிலும் முதலிடம் பெற்றதைப் போல என்று சொல்லலாம். எங்கள் வகுப்பில் அப்படி யாரும் இல்லை.

அடுத்த ஆண்டும் கடைசி நாள் வரை இழுபறிதான். இம்முறை லெவ்ஸ்கி முன்னிலை. அவர்கள் சொந்த நகரத்து அணியான ஸ்லாவியாவை வென்றிருந்தால் பட்டம் அவர்களுடையது. ஆனால் லெவ்ஸ்கி தன் வலைக்குள் தானே ஒரு கோலை விட்டுக்கொண்டு 1-1 என்று டிரா செய்தது. அதே நேரத்தில் லுடோகோரெட்ஸ் மொன்டானாவை 3-0 என்று வென்றது. மறுபடியும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்! எங்களுக்கு லெவ்ஸ்கியின் மேல் இரக்கமாகத்தான் இருந்தது. அதிர்ஷ்டம் சில ஊர்களின் பக்கம் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறது.

பயிற்சியாளர் பெடேவின் கதையைச் சொல்லாமல் விடமுடியாது. 2013 ஜூலையில் ஐரோப்பியப் போட்டி ஒன்றில் ஸ்லோவான் பிராட்டிஸ்லாவா அணியிடம் ஒரு கோலில் தோற்றதும் இவரைக் கிளப் நீக்கிவிட்டது. இரண்டு பட்டங்களை வாங்கித் தந்தவரை! அதே அக்டோபரில் லெவ்ஸ்கி இவரைப் பயிற்சியாளராக அறிமுகப்படுத்தியபோது, லெவ்ஸ்கி ரசிகர்கள் பத்திரிகையாளர் கூட்டத்துக்குள்ளேயே புகுந்து, இவர் அணிந்திருந்த கிளப்பின் சட்டையைக் கழற்ற வைத்தார்கள். இவர் எதிரணியின் ஆள் என்பதே அவர்கள் கோபம். வெற்றி பெற்ற மனிதர் சட்டையில்லாமல் வெளியேறினார். விளையாட்டு மனிதரைப் பண்படுத்தும் என்று எத்தனையோ கட்டுரைப் போட்டிகளில் நாங்கள் எழுதியிருக்கிறோம். அவர்களை யாராவது கொஞ்சம் விளையாட விட்டிருக்கலாம்.

பிராட்டிஸ்லாவாவைத் திரும்ப வென்றாலும், பின்னர் பாசல் அணியிடம் தோற்று, அவ்வாண்டு சாம்பியன்ஸ் லீக் கைநழுவியது. ஆனால் அடுத்த படியான யூரோப்பா லீக்கில் இடம் கிடைத்தது. அங்கே ஹாலந்தின் பி.எஸ்.வி. அணியை இரண்டு முறையும் 2-0 என்று வென்றார்கள். குரோஷியாவின் டினாமோ ஜாக்ரப்பை 3-0, 2-1 என்று வென்றார்கள். இதில் ஒரு பழைய கணக்கும் உண்டு: 2012இல் இதே ஜாக்ரப், கூடுதல் நிமிடங்களில் அடித்த கோலால் இவர்களை ஐரோப்பாவிலிருந்து அழவைத்து அனுப்பியிருந்தது. 2014 பிப்ரவரியில் ரோமாபுரிக்கே சென்று லாசியோவை 1-0 என்று வென்று, சோபியாவில் 3-3 என்று டிரா செய்து, அவ்வணியைப் போட்டியிலிருந்தே வெளியேற்றினார்கள். அதன் பிறகு ஸ்பெயினின் வலென்சியா வந்து இந்தக் கனவைக் கலைத்தது.

இப்போது நாங்கள் மிகவும் விரும்பிச் சொல்லும் பகுதி. 2014 ஆகஸ்டு 27. இந்த ஆண்டையும் நாளையும் நாங்கள் மறக்காததற்கு ஒரு காரணமும் உண்டு. அவ்வாண்டு ஏப்ரல் 27ஆம் நாள்தான் பாப்பரசர் 23ஆம் அருளப்பர் புனிதராக உயர்த்தப்பட்டார். அவர் பாப்பரசராவதற்கு வெகு காலம் முன்பு, 1925 முதல் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள், திருச்சபையின் பிரதிநிதியாக பல்கேரியாவில் வாழ்ந்தவர். சரியாக நான்கு மாதங்களுக்குப் பின் அந்நாட்டில் நடந்ததைப் புதுமை என்று சொன்னால் எங்கள் சகோதரிமார் கோபித்துக்கொள்வார்கள். ஆகவே புதுமை என்று சொல்லமாட்டோம். நடந்ததை மட்டும் சொல்கிறோம்.

சாம்பியன்ஸ் லீக்கின் பிரதானப் போட்டிக்குள் நுழைய ஒரே ஒரு தடை பாக்கி. எதிரில் ருமேனியாவின் சாம்பியன், ஸ்தேவா புகாரெஸ்ட். 1986இல் ஐரோப்பியக் கோப்பையையே வென்ற அணி. புகாரெஸ்டில் நடந்த முதல் ஆட்டத்தில் ஸ்தேவா 1-0. இரண்டாவது ஆட்டம் சோபியாவில். ரஸ்கிராட் அரங்கம் அப்போது அத்தகைய பெரிய போட்டிக்குரிய விதிகளின்படி அமைந்திருக்கவில்லை. ஆகவே அணி தன் 'சொந்த' ஆட்டத்துக்காக நாட்டின் மறுகோடிக்கு வந்திருந்தது. 89 நிமிடம் வரை கோல் இல்லை. கதை முடிந்தது என்று நினைத்தவர்கள் எழுந்து போயிருப்பார்கள். 90ஆம் நிமிடத்தில் வாண்டர்சன் என்ற பிரேசில் வீரர், பெட்டிக்கு வெளியேயிருந்து, அந்தரத்தில் வந்த பந்தை அப்படியே உதைத்தார். பந்து வலைக்குள் போயிற்று! இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 1-1. கூடுதல் நேரம் தொடங்கியது.

கூடுதல் நேரம் முடியப்போகும் வேளையில், 119ஆம் நிமிடத்தில், லுடோகோரெட்ஸின் கோல் கீப்பர் ஸ்தோயனோவ், தனியாக ஓடிவந்த எதிரியைக் கீழே தள்ளியதற்காகச் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். மாற்று ஆட்டக்காரர்களை இறக்கும் வாய்ப்புகள் மூன்றும் ஏற்கெனவே தீர்ந்துவிட்டன. இன்னொரு கோல் கீப்பர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தும் பயனில்லை. அடுத்து நடக்கப்போவதோ டை பிரேக்கர்! கோல் கீப்பர் இல்லாமல் டை பிரேக்கரா? களத்தில் இருப்பவர்களில் ஒருவர்தான் நிற்கவேண்டும்.

நின்றவர் கோஸ்மின் மோட்ஸ். தடுப்பாட்டக்காரர். இவர் ஒரு ருமேனியர். அதுமட்டுமன்று, ஸ்தேவாவின் பரம எதிரியான டினாமோ புகாரெஸ்ட் அணியில் பல ஆண்டுகள் ஆடிவிட்டு 2012இல் ரஸ்கிராட் வந்து சேர்ந்தவர். இரவல் சட்டையும் இரவல் கையுறையுமாக, முதல் பெனால்டியைத் தாமே உதைத்து கோலாக்கினார். பிறகு போய்க் கம்பங்களுக்கு நடுவில் நின்றார். கைகளை விரித்து ஆட்டிக்கொண்டு, கோட்டின் மேல் இப்படியும் அப்படியும் அசைந்தார். பயிற்சி பெற்ற கோல் கீப்பர்கள் பார்த்தால் சிரித்திருப்பார்கள். ஆனால் உதைக்க வருகிறவனுக்குச் சிரிப்பு வருமா? இரண்டு பெனால்டிகளை மோட்ஸ் தடுத்தார். அவர் அணியும் ஒன்றைத் தவறவிட்டது. ஏழாவது உதையில், கடைசியாக வந்த ஸ்தேவா வீரரின் பந்தை அவர் பாய்ந்து தள்ளியபோது கணக்கு 6-5. ரஸ்கிராட் சாம்பியன்ஸ் லீக்குக்குள் நுழைந்துவிட்டது. பிற்பாடு ரஸ்கிராட் அரங்கத்தின் ஒரு பார்வையாளர் மாடத்துக்கு மோட்ஸின் பெயரையே வைத்தார்கள்.

தாவீது, சவுல் அரசனின் கவசத்தை அணிந்து பார்த்துவிட்டு, நடக்க வரவில்லை என்று கழற்றி வைத்தான் என்று பழைய ஏற்பாட்டில் படிக்கிறோம். மோட்ஸுக்கோ பிறர் கவசந்தான் வாய்த்தது. அதை அணிந்துகொண்டே வென்றார். இந்த வேற்றுமையைக் கண்டுபிடித்தவள் எங்களில் மிகக் குறைவாகப் பேசுகிற பெண். ஆகவே அதைக் கட்டாயம் போடவேண்டும் என்று தீர்மானித்தோம்.

அந்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக்கில் லிவர்பூல் மைதானமான ஆன்பீல்டில் 90 நிமிடம் கடந்து டானி அபாலோ கோல் அடித்து 1-1 ஆக்கினார். இரண்டே நிமிடத்தில் ஜெரார்டு பெனால்டியை கோலாக்கி லிவர்பூலைக் காப்பாற்றினார். (எங்கள் தோழி ஒருத்தியின் அண்ணன் லிவர்பூல் பக்தர். அவர் அன்று பட்ட பாட்டை வீட்டில் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்களாம். எங்கள் வகுப்புக்குள் லுடோகோரெட்ஸ் வந்தது அந்த வழியாகத்தான்.) சோபியாவில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக மார்செலினியோ ஆறாவது நிமிடத்திலேயே கோல் போட்டார், ஆயினும் மாட்ரிட் 2-1 என்று வென்றது. பாசலை 1-0 என்று வென்றார்கள். லிவர்பூல் சோபியாவுக்கு வந்தபோது 2-2. பிரிவில் கடைசி இடந்தான் கிடைத்தது. 2016இல் மறுபடியும் வந்து, லண்டனில் ஆர்சனலிடம் 6-0 என்று அடி வாங்கினார்கள். இரண்டு வாரங்களுக்குள் சோபியாவில் அதே ஆர்சனலுக்கு எதிராக 2-0 என்று முன்னிலை பெற்றுவிட்டு 3-2 என்று தோற்றார்கள். பாரிசுக்குப் போய் 2-2 என்று டிரா செய்தார்கள்.

இவ்வளவு வரை எழுதி முடித்தபோது எங்களில் பாதிப்பேர் கைதட்டினார்கள். மறுபாதியில் ஒருத்தி எழுந்து கேட்டாள்: "ஏண்டி, ஒரு பணக்காரர் வந்து பணத்தைக் கொட்டினார், பிரேசிலிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார், ஜெயித்தார். இதில் அந்த ஊர் செய்தது என்ன?"

இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. 'கடுகு சிறுத்தாலும் காரம் போகாது' என்று ஒருத்தி பழமொழியைச் சொன்னாள். கடுகைக் கடையில் வாங்கியது யார் என்று மற்றவள் திருப்பிக் கேட்டாள். கேள்வி கேட்டவர்களின் கட்சி வலுவானதுதான். அவர்கள் லோவெச் என்ற இன்னொரு பல்கேரியச் சிற்றூரை எடுத்துக்காட்டினார்கள். அங்கே லிடெக்ஸ் என்ற கிளப் இருந்தது. அதுவும் ஒரு செல்வந்தரின் ஆதரவில் எழுந்தது. 1998, 1999, 2010, 2011 என நான்கு முறை நாட்டின் சாம்பியன். லுடோகோரெட்ஸுக்கு முன்னால் கடைசியாகப் பட்டம் வென்றவர்களே அவர்கள்தாம். 2015 டிசம்பரில் லெவ்ஸ்கியுடன் நடந்த ஆட்டத்தின்போது நடுவரின் தீர்ப்புகளைக் கண்டித்துக் களத்தை விட்டு வெளியேறினார்கள், லீக்கிலிருந்து விலக்கப்பட்டார்கள். கடனால் மூன்றாம் நிலைக்குத் தள்ளப்பட்டிருந்த சி.எஸ்.கே.ஏ.யை அதற்குள் அதே செல்வந்தர் கையில் எடுத்திருந்தார். 2016இல் லிடெக்ஸ் கிளப்பே தலைநகருக்குப் பெயர்ந்து, சி.எஸ்.கே.ஏ. சோபியா என்று பெயர் மாறியது. லோவெச் மக்கள் ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தபோது அவர்கள் அணி வேறோர் ஊரில், வேறொரு பெயரில் ஆடிக்கொண்டிருந்தது என்றே சொல்லவேண்டும். ஊரார் மறுபடியும் அடிமட்டத்திலிருந்து ஓர் அணியைத் தொடங்க வேண்டியதாயிற்று.

"ரஸ்கிராடுக்கும் நாளை இது நேராது என்பதற்கு என்ன உறுதி?" என்று அவர்கள் கேட்டபோது வகுப்பு அமைதியாகிவிட்டது.

இன்னொரு குற்றச்சாட்டும் வந்தது. 2012 தொடங்கி 2025 வரை லுடோகோரெட்ஸ் தொடர்ச்சியாக 14 முறை பட்டம் வென்றிருக்கிறது. அத்தனை ஆண்டுகளும் வேறெந்த அணிக்கும் ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை. சின்னவன் பெரியவனைத் தோற்கடித்தான் என்று மகிழ்ந்தவர்கள், சின்னவனே பெரியவனாகி 14 ஆண்டுகள் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதபோது யார் பக்கம் கைதட்டுவது? ஒவ்வோர் ஆண்டும் ஒரே பெண் பரிசு வாங்கும் விழாவில் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவர்களுக்கு இந்தக் கேள்வியின் சுமை புரியும். நாங்கள் பெரும்பாலோர் பின்வரிசைக்காரர்களே.

ஆனாலும் மறுகட்சி தோற்றுவிடவில்லை. பணம் இருந்தால் மட்டும் போதுமென்றால், பணமுள்ள வேறு கிளப்புகள் ஏன் வெல்லவில்லை என்று அவர்கள் கேட்டார்கள். பணத்தால் கோல் கீப்பரை வாங்கலாம். கோல் கீப்பர் வெளியேறிய பின், கையுறையை நான் போட்டுக்கொள்கிறேன் என்று முன்வருகிற மனத்தை எந்தச் சந்தையில் வாங்குவது? வெளிநாட்டவர்கள் என்று பழிக்கிறீர்களே, மார்செலினியோவும் வாண்டர்சனும் பிற்பாடு பல்கேரியக் குடியுரிமை பெற்று அந்நாட்டின் தேசிய அணிக்கே ஆடினார்கள். 2016 மார்ச் மாதத்தில் பல்கேரியா போர்ச்சுகலை அதன் சொந்த மண்ணில் 1-0 என்று வென்றபோது கோல் அடித்தவர் மார்செலினியோ. பணத்துக்காக மட்டும் வந்தவர்கள் பணம் தீர்ந்ததும் போய்விடுவார்கள், இவர்கள் தங்கினார்கள். அதுவும் பெயர் மாற்றத்தால் துன்பப்பட்ட ஒரு வட்டாரத்தில், எங்கிருந்தோ வந்த ஆட்களைத் தம்மவர் என்று ஏற்றுக்கொண்டார்கள் என்றால் அந்த ஊர் ஒன்றும் செய்யவில்லை என்று எப்படிச் சொல்வது?

இதற்குக் கேள்வி கேட்டவள் சொன்ன பதில் எங்களுக்குப் பிடித்திருந்தது. "மோட்ஸை எனக்கும் பிடிக்கும். பதினான்கு பட்டங்களைப் பிடிக்கவில்லை," என்றாள். வாக்கெடுப்பு நடத்தலாம் என்று பேசினோம். மணி அடித்துவிட்டதால் நடத்தவில்லை. நடத்தியிருந்தாலும் சரிபாதியாகவே வந்திருக்கும் என்பது எங்கள் எண்ணம்.

இரு கட்சியாரும் ஒத்துக்கொண்ட ஒரு செய்தி மட்டும் உண்டு. லிவர்பூல், மாட்ரிட், ஆர்சனல் அணிகள் வந்தபோதெல்லாம் ரஸ்கிராட் மக்கள் தங்கள் அணியைப் பார்க்க சோபியா வரை போகவேண்டியிருந்தது. விடியுமுன் புறப்பட்டு, நாட்டை நீள வாக்கில் கடந்து, ஆட்டம் முடிந்து நள்ளிரவில் மறுபடியும் அதே தூரத்தைத் திரும்பவேண்டும். சொந்த ஊரின் பெருமையை வேறோர் ஊரில் போய்த்தான் காணமுடிந்தது. ரஸ்கிராட் அரங்கத்தைச் சிறிது சிறிதாகப் புதுப்பித்தார்கள், மாடங்களைக் கட்டினார்கள், ஏறத்தாழ 10 ஆயிரம் பேர் அமரும்படி செய்தார்கள். ஊர் மக்களில் மூன்றில் ஒரு பங்கு உட்காரலாம்!

2018 பிப்ரவரி 15ஆம் நாள், ஏழு முறை ஐரோப்பிய சாம்பியனான ஏ.சி. மிலான் யூரோப்பா லீக் ஆட்டத்துக்காக ரஸ்கிராடுக்கே வந்தது. சோபியாவுக்கன்று, ரஸ்கிராடுக்கு. மிலான் 3-0 என்று வென்றது. லுடோகோரெட்ஸ் ரசிகர்கள் அன்றிரவு பஸ் பிடித்து நாட்டைக் கடக்கவில்லை. வீட்டுக்கு நடந்தே போனார்கள்.